இரண்டு ஜார்ஜ் டவுன்களும் ஒரு எம்டனும்

எங்கள் வீட்டில் எம்டன் என்பது கப்பலின் பெயர் இல்லை. என் பெரிய மாமாவின் பெயர். மாலை ஆறு மணிக்கு அவருடைய சைக்கிள் மணி தெருமுனையில் கேட்கும்போதே பாட்டி உள்ளிருந்து குரல் கொடுப்பார்: "எம்டன் வந்தாச்சு, புஸ்தகத்த எடுங்கடா." நாங்கள் அலறிப்புடைத்துக்கொண்டு பாயில் உட்காருவோம். பாட்டி நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறி பினாங்குக்கு வந்தவர். அந்தச் சொல்லையும் மூட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

கெட்டிக்காரன், தந்திரக்காரன், யாருக்கும் அடங்காதவன், வீட்டையே நடுங்கவைக்கும் அப்பா. இத்தனை பொருளும் தமிழில் அந்த ஒரு சொல்லுக்கு உண்டு. மலையாளத்தில் அதுவே 'எமண்டன்' ஆகி, பெரிய உருவத்தைக் குறிக்கிறது. 2006ல் 'எம்டன் மகன்' என்று ஒரு படம் வந்தது. தமிழ்ப் பெயர் வைத்தால் வரிவிலக்கு என்ற காலம் அது. எம்டன் தமிழ்ச்சொல் இல்லையே என்று 'எம் மகன்' ஆக்கிவிட்டார்கள். எண்பது, தொண்ணூறு வருஷம் வீட்டுக்குள் புழங்கிய சொல்லுக்குக் கடைசியில் அரசாங்கத்திடம் குடியுரிமை கிடைக்கவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. தமிழில் எம்டன் பற்றி எழுதப்படும் எதை எடுத்தாலும் அது சென்னையில் தொடங்கி சென்னையிலேயே முடிந்துவிடுகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தது, உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தில் இன்றும் இருக்கும் கல்வெட்டு, செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்ற கதை (இதற்கு ஆதாரம் என்று எதுவும் இல்லை, ஆனால் கதை சாகமாட்டேன் என்கிறது). அதற்குப் பிறகு ஒரு வரி: 'பின்னர் பினாங்கிலும் தாக்குதல் நடத்தியது.' அந்த ஒரு வரிக்குள் எங்கள் ஊர்க் கடலில் செத்துப்போன நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் இறந்தவர்கள் ஐந்து பேருக்கு அருகில்.

குண்டு விழுந்த உயர்நீதிமன்றம் சென்னையின் ஜார்ஜ் டவுனில் இருக்கிறது. அந்தப் பெயர் ஐந்தாம் ஜார்ஜுடையது. எங்கள் ஜார்ஜ் டவுன் 1786ல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கியபோது ஆண்ட மூன்றாம் ஜார்ஜுடையது. முப்பத்தாறு நாள் இடைவெளியில் ஒரே கப்பல் இரண்டு ஜார்ஜ் டவுன்களின் வாசலுக்கும் வந்து போயிருக்கிறது.

எம்டனைப் புரிந்துகொள்ள ஐம்பது வருஷம் பின்னால் போக வேண்டும், அதுவும் அமெரிக்காவுக்கு. 1862 மார்ச் 8. உள்நாட்டுப் போர் நடக்கிறது. தெற்கத்திக்காரர்கள் பாதி எரிந்துபோன மெரிமாக் என்ற கப்பலின் அடிப்பாகத்தை எடுத்து, மேலே இரும்புத் தகடு வேய்ந்து, வர்ஜீனியா என்று பெயர் வைத்து, ஹாம்ப்டன் ரோட்ஸ் என்ற கழிமுகத்துக்கு ஓட்டிவந்தார்கள். வடக்கின் மரக் கப்பல்கள் சுட்ட குண்டுகள் அதன் மேல் பட்டுத் தெறித்து விழுந்தன. கம்பர்லாண்ட் என்ற கப்பலை அது முட்டியே மூழ்கடித்தது. காங்கிரஸ் என்ற இன்னொன்றை எரித்தது. ஒரே பகலில் இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். மறுநாள் காலை வடக்கின் மானிட்டர் அதை எதிர்த்து நின்றது. ஜான் எரிக்சன் வடிவமைத்தது; தண்ணீர் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் தட்டு, நடுவில் எட்டு அங்குல இரும்பில் சுழலும் கோபுரம், அதில் இரண்டு பீரங்கி. இரண்டும் நாலு மணி நேரம் போல ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. எதுவும் மூழ்கவில்லை. இரும்புக்கு இரும்பு நடந்த முதல் கடற்சண்டை வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது.

அதற்கு முன்பே பிரான்சிடம் குளோவார் (1859), பிரிட்டனிடம் வாரியர் (1860) என்ற கவசக் கப்பல்கள் இருந்தன. ஆனால் ஒரு பொருள் இருப்பது வேறு, அது என்ன செய்யும் என்று கண்ணால் பார்ப்பது வேறு. அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகு மரத்தில் போர்க்கப்பல் கட்ட யாருக்கும் துணிவில்லை. கவசம் தடிமனானது, அதைத் துளைக்கப் பீரங்கி பெருத்தது, உடனே கவசம் இன்னும் தடித்தது. பிரிட்டனின் இன்ஃபிளெக்ஸிபிள் கப்பலில் சில இடங்களில் இரும்பு 24 அங்குலம். இந்தியாவுக்கும் இதன் பங்கு வந்தது. பம்பாய்த் துறைமுகத்தைக் காக்க மக்தாலா, அபிசீனியா என்று இரண்டு கோபுரக் கப்பல்கள் 1870ல் கட்டப்பட்டன, கிட்டத்தட்ட மானிட்டரின் சித்தப்பா பிள்ளைகள் போல. போர் எதையும் பார்க்காமலே அவற்றுக்கு வயசாகிவிட்டது.

இந்த இரும்புப் பந்தயத்தின் நடுவே, 1866ல், ராபர்ட் வைட்ஹெட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இன்றைய குரோஷியாக் கரையிலுள்ள ஒரு ஊரில் தானாக ஓடும் டார்பிடோவை உருவாக்கினார். அது கவசத்தோடு மோதுவதே இல்லை. கவசம் முடிகிற இடத்துக்குக் கீழே, தண்ணீருக்குள் போய் வயிற்றில் குத்துகிறது. எத்தனை அங்குல இரும்பு என்ற கேள்வியே அர்த்தமில்லாமல் போகிறது. எம்டன் சென்னையைச் சுட்ட அதே 1914 செப்டம்பர் 22ஆம் தேதி காலையில், வட கடலில் ஒரேயொரு ஜெர்மன் நீர்மூழ்கி மூன்று பிரிட்டிஷ் கவசக் குரூசர்களை அடுத்தடுத்து மூழ்கடித்தது. 1,400 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று சென்னையில் எரிந்த எண்ணெய்தான் நமக்கு நினைவிருக்கிறது. கடற்போரின் கணக்கில் பெரிய செய்தி அந்தக் காலைச் செய்திதான்.

அமெரிக்கப் போரின் இன்னொரு பிள்ளையும் எங்கள் பக்கம் வந்திருக்கிறது. அலபாமா என்ற தெற்கத்திக் கப்பல். கவசம் கிடையாது, மரம்தான். எதிரியின் போர்க்கப்பலைத் தேடாமல் அவன் சரக்குக் கப்பல்களைத் தேடித்தேடிக் கொளுத்துவதே அதன் வேலை. 1863 டிசம்பரில் சிங்கப்பூரில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு, மலாக்கா நீரிணையில் மூன்று கப்பல்களை எரித்துவிட்டுப் போனது. மானிட்டர் வழி ஒன்று, அலபாமா வழி ஒன்று. எம்டன் இரண்டாவது வழியில் வந்த பேரன்.

எம்டன் சின்னக் கப்பல். 1908ல் டான்சிக்கில் நீரில் இறக்கப்பட்டது, நாலாயிரம் டன்னுக்குள், பத்து 10.5 சென்டிமீட்டர் பீரங்கி, இரண்டு டார்பிடோக் குழல். பக்கவாட்டில் சொல்லிக்கொள்ளும்படி கவசம் இல்லை. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். போர் மூண்டதும், சீனக் கரையின் சிங்தாவைத் தளமாகக் கொண்டிருந்த ஜெர்மன் அணியிலிருந்து இந்த ஒன்றை மட்டும் இந்து மகாசமுத்திரத்துக்கு அனுப்பினார் அட்மிரல் ஷ்பே. எம்டனுக்கு மூன்று புகைபோக்கி. அதே கடலில் தேடித் திரிந்த பிரிட்டிஷ் யார்மவுத்துக்கு நாலு. முல்லரின் ஆட்கள் கித்தானும் மரமும் வைத்து நாலாவது புகைபோக்கி ஒன்று செய்து நிறுத்தினார்கள். நாடகக்கொட்டகை வேலை. அந்தக் கித்தான் செய்ததை எட்டு அங்குல இரும்பு செய்திருக்காது.

செப்டம்பர் 10 முதல் வங்காள விரிகுடாவில் கப்பல்கள் காணாமல் போகத் தொடங்கின. நாகப்பட்டினம், சென்னை, பினாங்கு என்று ஓடிக்கொண்டிருந்த வழி அது. தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் கூட்டிவந்த வழி. கிட்டங்கிகளில் உட்கார்ந்திருந்த செட்டியார்களின் கடிதங்கள் போய்வந்த வழி. அரிசி வந்த வழி. கப்பல் எப்போது வரும், வருமா என்று யாராலும் சொல்ல முடியாத வாரங்கள். ஒரு பீரங்கியும் வெடிக்காத நாட்களிலும் எம்டன் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்கு வந்தவர்கள் எண்ணிக்கை அந்த ஆண்டு முந்திய ஆண்டின் பாதிக்குக் கீழே விழுந்தது. போர் பயத்தோடு ரப்பர், ஈயம் இரண்டின் நிலவரமும் அதற்குக் காரணம். எம்டன் மேல் மட்டும் பழி போட முடியாது.

இனி பினாங்கு.

1914 அக்டோபர் 26 அன்று ஷெம்சுக் என்ற ரஷ்யக் குரூசர் கொதிகலன் சுத்தம் செய்ய எங்கள் துறைமுகத்துக்கு வந்தது. ஷெம்சுக் என்றால் ரஷ்ய மொழியில் முத்து. ஒன்பது வருஷத்துக்கு முன் ஜப்பானியரிடம் ரஷ்யக் கடற்படை சின்னாபின்னமான சுஷிமா போரில் தப்பிப்பிழைத்த சில கப்பல்களில் ஒன்று. 1914ல் அது பிரிட்டிஷ் அட்மிரல் ஜெராமின் கட்டளைக்குக் கீழ் எம்டனைத் தேடும் வேலையில்தான் இருந்தது. தேடிக் களைத்து வந்து படுத்த இடத்தில் எம்டன் தானே வந்து கதவைத் தட்டியது.

கேப்டன் செர்கசோவ் பிரபு. ஜாக்கிரதையாக இரு என்று ஜெராம் சொல்லியிருந்தார். செர்கசோவ் என்ன செய்தார்? டார்பிடோக்களின் வெடிமுனைகளைக் கழற்றிவைக்கச் சொன்னார். தட்டில் ஒரு டஜன் குண்டு போல வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் உள்ளே பூட்டச் சொன்னார். ஒரு கொதிகலனைத் தவிர மற்றவை அணைந்திருந்தன. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, காவல் பெயரளவுக்கு. அவர் மனைவியைப் பார்க்கக் கரைக்குப் போய்விட்டார். ஈ அண்ட் ஓ ஓட்டலில் தங்கியிருந்தார் என்பது ஊரில் எல்லோரும் சொல்வது. கப்பலுக்குள் பெண்கள் இருந்தார்கள் என்று ஆளுக்கொரு எண்ணிக்கை சொல்லும் கதையும் உண்டு. அந்த எண்ணிக்கை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கூடிக்கொண்டே போகிறது. நான் அதற்குள் போகவில்லை.

முல்லர் வந்தது ஷெம்சுக்குக்காக அல்ல. பினாங்கில் மோங்கால்ம், டூப்ளே என்ற பிரெஞ்சுக் கவசக் குரூசர்கள் நிற்கக்கூடும் என்று அவருக்குத் தகவல். டூப்ளே நம் ஆனந்தரங்கப் பிள்ளையின் எஜமானர் டூப்ளெக்ஸ் துரைதான். அவர் பெயரில் ஒரு கப்பல். அதன் பக்கக் கவசத்தை எம்டனின் பீரங்கி ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் இருட்டு, அதனால்தான் டார்பிடோ.

அக்டோபர் 28 விடியற்காலை. நாலாவது புகைபோக்கியை நிறுத்திக்கொண்டு வடக்கு வாய்க்கால் வழியாக எம்டன் உள்ளே வந்தது. பார்த்தவர்கள் யார்மவுத் என்று நினைத்தார்கள். சரக்குக் கப்பல்களின் விளக்குகளுக்கு நடுவே ஒரு போர்க்கப்பலின் உருவம் இருட்டாகத் தெரிந்தது. மிக அருகில் போன பிறகுதான் அது ரஷ்யக் கப்பல் என்றே எம்டன்காரர்களுக்குத் தெரிந்தது. மணி 5:18. ஜெர்மன் கொடியை ஏற்றிவிட்டு, சுமார் 300 மீட்டரிலிருந்து முதல் டார்பிடோ. ஷெம்சுக்கின் பின்பாதியில் அடித்தது. அதோடு பீரங்கிகளும். தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் தட்டில் ஓடியதையும் சிலர் தண்ணீரில் குதித்ததையும் எம்டனிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஷெம்சுக் சில குண்டுகளைத் திருப்பிச் சுட்டது. எம்டன் மேல் ஒன்றும் படவில்லை, பக்கத்தில் நின்ற சரக்குக் கப்பல்களுக்குத்தான் ஆபத்து. எம்டன் கடந்துபோய், குறுகிய இடத்தில் திரும்பி, பத்து நிமிஷத்தில் இரண்டாவது டார்பிடோவை விட்டது. அது முன்பக்க வெடிமருந்து அறையை எட்டியது. புகை விலகியபோது பாய்மரத்தின் நுனி மட்டும் தெரிந்தது.

ஏறக்குறைய 90 பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் நூற்றுக்கு மேல். கரையிலிருந்து போன படகுகள்தான் தண்ணீரில் தத்தளித்தவர்களைத் தூக்கின. அந்தத் துறைமுகத்தில் தொங்கான் ஓட்டியவர்களும் மூட்டை தூக்கியவர்களும் பெரும்பாலும் சீனரும் தமிழரும். குயின் தெரு மாரியம்மன் கோயிலைச் சுற்றி வாழ்ந்தவர்கள். அன்று காலை அவர்கள் என்ன பார்த்தார்கள், யாரைத் தூக்கினார்கள் என்று யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை. ஜெர்மன் அதிகாரிகள் நினைவுக்குறிப்பு எழுதினார்கள், ரஷ்யர்களுக்கு நீதிமன்ற ஆவணம் இருக்கிறது, பிரெஞ்சுக்காரர்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. பெரிய மாமாவே துறைமுகத்தில் வேலை பார்த்தவர்தான். அவருக்கு முந்திய தலைமுறையில் யாராவது எங்கள் வீட்டில் இதைச் சொன்னார்களா என்று கேட்டேன். "எம்டனா? அது மெட்ராஸ்ல தாண்டா குண்டு போட்டுச்சு" என்றார்.

துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பல்களும் இருந்தன. டி'இபர்வில் என்ற பழைய பீரங்கிக் கப்பலும், ஃப்ரோண்ட், பிஸ்தோலே என்ற நாசகாரிகளும். சுட்டார்கள், படவில்லை. உடனே கிளம்பும் நிலையில் எதுவும் இல்லை. எம்டன் வெளியே போகும்போது எதிரே வந்த ஒரு சின்னப் படகை நாசகாரி என்று நினைத்துச் சுட்டது. அது ஆயுதமில்லாத ரோந்துப் படகு. பிறகு கிளென்டரட் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலைப் பிடித்து ஆட்களை ஏற்றியபோது, உண்மையான நாசகாரி ஒன்று ரோந்து முடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தது: மூஸ்கே. 300 டன். முல்லர் தன் ஆட்களைத் திரும்ப அழைத்தார். அவர்கள் இறங்குமுன் கிளென்டரட்டின் கேப்டனிடம் ஒரு செய்தி சொல்லிவிட்டுப் போனார்கள்: ஷெம்சுக்கில் தத்தளித்தவர்களை எங்களால் காப்பாற்ற முடியாமல் போனதற்கும், ஆயுதமில்லாத படகைச் சுட்டதற்கும் மன்னிக்கவும்.

இந்த மன்னிப்பு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவர்களை டார்பிடோவால் அடித்த அதே மனிதர், அதே காலையில், தண்ணீரில் கிடந்தவர்களுக்காக வருந்துகிறார். பொய்யான வருத்தம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அடுத்த ஒரு மணி நேரத்தில் அவர் செய்ததைப் பாருங்கள். மூஸ்கேவை நொறுக்கினார். அதன் கேப்டன் தெருவான் கால்கள் சிதைந்த நிலையில் கப்பலோடு போனார். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பின் எம்டன் நின்றது. எந்த நேரமும் வேறு கப்பல் துரத்திவரலாம், பிஸ்தோலே துரத்தியும் வந்தது, ஆனாலும் நின்று 36 பேரைத் தண்ணீரிலிருந்து எடுத்தது. மூன்று பேர் காயத்தால் இறக்க, அவர்களைக் கடலில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 30ஆம் தேதி நியூபர்ன் என்ற பிரிட்டிஷ் கப்பலை நிறுத்தி, அதை மூழ்கடிக்காமல், மீதிப்பேரை அதில் ஏற்றி சுமத்ராவின் சபாங்குக்கு அனுப்பினார்கள். பிஸ்தோலே மழைச் சீற்றலில் எம்டனைத் தவறவிட்டது.

முல்லரை லண்டன் பத்திரிகைகளே கனவான் என்று புகழ்ந்தன. தமிழர்கள் அவருடைய கப்பலின் பெயரை அகராதியில் சேர்த்தார்கள். வெள்ளைக்காரனுக்குப் பயம் காட்டிய ஒருவன் வந்தானே என்ற சந்தோஷம் அதில் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஷெம்சுக்கில் இருந்தவர்கள் வெள்ளைக்கார எஜமானர்கள் அல்ல. பெரும்பாலும் ரஷ்யக் கிராமங்களிலிருந்து கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட பையன்கள். கேப்டன் ஓட்டலில் இருந்து பிழைத்தார். விளாடிவோஸ்டாக்கில் ராணுவ நீதிமன்றம் அவருக்கு மூன்றரை வருஷமும், கப்பலில் அவருக்கு அடுத்த அதிகாரி குலிபினுக்கு ஒன்றரை வருஷமும் தண்டனை கொடுத்து, பட்டம் பதவி எல்லாவற்றையும் பறித்தது. பிறகு ஜார் மன்னர் சிறைக்குப் பதில் சாதாரணச் சிப்பாய்களாகப் போர்முனைக்கு அனுப்பினார். இருவருமே அங்கே வீரப் பதக்கம் வாங்கினார்கள் என்கிறது பதிவு.

எம்டனின் முடிவு எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 9, கோக்கோஸ் தீவுகள். ஆஸ்திரேலியக் குரூசர் சிட்னி. இந்தமுறை பகல், திறந்த கடல், இரண்டு பக்கமும் விழித்திருந்தார்கள். கித்தான் புகைபோக்கிக்கு வேலை இல்லை. முதலில் குண்டு பட்டது சிட்னி மேல்தான். ஆனால் சிட்னிக்கு வேகம் அதிகம், பக்கக் கவசம் உண்டு, அதன் ஆறு அங்குலப் பீரங்கியின் ஒவ்வொரு குண்டும் எம்டனின் குண்டைவிட இரண்டரை மடங்குக்கு மேல் எடை. ஹாம்ப்டன் ரோட்ஸின் கணக்கு அங்கே அப்படியே செல்லுபடியானது. எம்டனில் 130 பேருக்கு மேல், சிட்னியில் நாலு பேர். முல்லர் கப்பலைப் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். எம்டனோடு தொடர்புடைய ஜெர்மன் கைதிகள் சிலர் சிங்கப்பூர் டாங்லின் முகாமில் இருந்தார்கள். 1915 பிப்ரவரியில் அங்கே இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது முகாமின் கதவுகளையும் திறந்துவிட்டார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை.

போன வருஷம் வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். இப்போது ஜாலான் உத்தாமா என்று பெயர். ஊர்க்காரர்கள் பழைய பெயரைத்தான் சொல்கிறோம். ஷெம்சுக் மாலுமிகளின் நினைவுச்சின்னம் அங்கே பராமரிப்போடு இருக்கிறது. ரஷ்யத் தூதரகத்திலிருந்து வந்து மலர்வளையம் வைப்பார்கள். வேறு சிலருடைய கல்லறை ஜெரஜாக் தீவில். பினாங்குப் பாலத்திலிருந்து பார்த்தால் தெரியும், காடு மூடிய அந்தத் தீவு.

ஜெரஜாக் எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்ட பெயர். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தவர்களை ஊருக்குள் விடுமுன் நோய் இருக்கிறதா என்று பார்க்க அங்கேதான் இறக்கி அடைத்துவைப்பார்கள். பாட்டியும் அங்கே சில நாள் இருந்தார். தண்ணீர் மருந்து வாசம் அடிக்கும், இரவில் குரங்கு கத்தும், கூட வந்த ஒரு பெண்ணுக்கு அங்கேயே குழந்தை பிறந்தது, இதெல்லாம் சொல்லியிருக்கிறார். காட்டுக்குள் வெள்ளைக்காரச் சமாதி ஒன்று உண்டு, அந்தப் பக்கம் போகாதே என்று காவல்காரன் விரட்டுவான் என்றும் சொல்வார். யார் சமாதி என்று அவருக்குத் தெரியாது, நாங்களும் கேட்கவில்லை. அப்போதெல்லாம் சைக்கிள் மணி கேட்டுவிடும், கதை நின்றுவிடும்.